கண்ணாடியில் ஒரு வலை

மாரி மழை ஓய்ந்தபின் திருகோணமலை உட்துறைமுகக் கரையோரமாக நடந்தால், அலை ஒதுக்கிய குப்பைகளுக்கிடையே மழுங்கிப்போன கண்ணாடித் துண்டுகள் கிடப்பதைக் காணலாம். பச்சை, மண்ணிறம், எப்போதாவது ஒரு நீலம். சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கிச் சிரட்டைகளில் சேர்ப்பார்கள். சில மாதங்களுக்கு முன் எமது மாலைநேர வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை இளம்பச்சைத் துண்டொன்றைக் கொண்டுவந்து, "பாதர், கண்ணாடி மணலிலயிருந்து வாறதெண்டு ரீச்சர் சொன்னவ. அப்ப எங்கட மணலில ஏன் ஒருத்தரும் செய்யிறேல்லை?" என்று கேட்டாள்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பின்னர் யோசித்துப் பார்க்கையில், அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது தெரிந்தது. ஒன்று மண்ணைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்வது இலகு. மற்றது கையைப் பற்றியது. ஒரு கைத்தொழில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போகிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பது. எமது மாவட்டத்தில் தையல், தச்சு, மின்னிணைப்பு, படகு இயந்திரம் திருத்தல் என்று எத்தனையோ பயிற்சிகளை நடத்துகிறோம். ஆயினும் இந்தப் பாடத்துக்கு எமது ஊரில் எவரும் செய்யாத ஒரு தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். வேற்றூர்த் தொழிலென்றால் எவருடைய மனமும் நோகாமல் பேசலாம் அல்லவா?

முதலில் மண்

கண்ணாடியின் மூலப்பொருள் சிலிக்கா எனப்படும் வெண்மணல். தனி மணலை உருக்குவதானால் ஏறக்குறைய 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். விறகு உலையில் அது நடவாத காரியம். ஆகவே பண்டைக்காலம் முதல் சோடாவைச் சேர்த்து உருகும் வெப்பத்தைக் குறைத்தார்கள். சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் சுண்ணாம்பும் வேண்டும். மணல், சோடா, சுண்ணாம்பு: இன்றைய யன்னற் கண்ணாடியும் இவ்வளவுதான்.

எமது மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரையிலுள்ள மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் ஆகிய பாரமான கனிமங்கள் மிகுதி. அவற்றுக்காகவே 1957 ஆம் ஆண்டு கனிய மணற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. இல்மனைட்டில் இரும்பு உண்டு. மிகச் சிறிதளவு இரும்பு கலந்தாலே கண்ணாடி பச்சை பூசிவிடும். இலங்கையில் கண்ணாடிக்கு உகந்த நல்ல வெண்மணல் நாத்தாண்டியா, மாரவில பகுதியிலும், வடமராட்சியில் அம்பன் முதல் வல்லிபுரம் வரையிலும் கிடைக்கிறது. பிள்ளையின் கேள்வியின் முதற் பாதிக்கு இது போதும்.

மாந்தையில் செய்தார்கள்

"ஒருத்தரும் செய்யிறேல்லை" என்று அவள் சொன்னது இன்றைய நிலைக்குப் பொருந்தும். கைவேலையாகக் கண்ணாடி செய்யும் குடும்பங்கள் எம்மிடையே இல்லை. ஆனால் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில் ஒரு காலத்தில் செய்தார்கள். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. யுத்தம் மூண்டதால் வேலை இடையில் நின்றது. அந்த ஆய்வில் கிடைத்தவற்றுள் ஏராளமான சிறு கண்ணாடி மணிகளும், மணி செய்யும்போது கழிந்த துண்டுகளும் அடங்கும். கடுகு, மிளகு அளவான இத்தகைய மணிகள் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. ஆபிரிக்காவின் தென்பகுதி தொடக்கம் கொரியா, யப்பான் வரை அவை போயிருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீற்றர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்து-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார்.

இந்த மணிகளை எப்படிச் செய்தார்கள்? உடைந்த துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண்பது கடினமாயிருந்தது. விடை கிடைத்தது உயிருள்ள மனிதரிடம். ஆந்திர மாநிலத்தில், திருக்காளத்திக்குச் சற்றுத் தூரத்தில், பாப்பநாயுடுபேட்டை என்றொரு கிராமம் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் பிரான்சிஸும் வேறு ஆய்வாளர்களும் அங்கு போனபோது, அதே வகை மணிகளைப் பரம்பரையாகச் செய்துகொண்டிருந்த குடும்பங்களைக் கண்டார்கள்.

அவர்களுடைய முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 'லாடா' எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பல கிலோ எடைக்குத் திரட்டுவார்கள். அதை உருட்டி உருட்டிக் கூம்பாக்குவார்கள். பின்னர் குழாய்க்குள்ளால் இன்னொரு இரும்புக் கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவில் துவாரமிடுவார்கள். அந்தக் கூம்பை மீண்டும் உலைக்குள் செலுத்தியதும், உலையின் மறுபக்கத் திறப்பில் காத்திருக்கும் தலைமைத் தொழிலாளி கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து இழுப்பார். இடியப்ப உரலிலிருந்து மா இறங்குவதுபோல் மெல்லிய குழாயொன்று வெளியே வரும். உள்ளே இட்ட துவாரமும் அதனோடு நீண்டுகொண்டே வரும். மணிக்கணக்காக, ஒரு கை மாறி ஒரு கையாக, அறாமல் இழுக்கவேண்டும். வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது, விரல்தான் அளவு. அப்படி இழுத்த குழாய்களைப் பின்னர் மணிமணியாக நறுக்கி, கூரான விளிம்பு மழுங்குவதற்காகச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் வறுத்து, சலித்து, நூலில் கோப்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாந்தை ஒரு பெருந்துறைமுகம். கப்பல்களும், வணிகரும், செல்வமும் நிறைந்த இடம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது நலிந்தது, அங்கிருந்த தொழிலும் போயிற்று. அந்தக் கைவேலையின் முறை துறைமுகமோ மாளிகையோ இல்லாத ஓர் உள்நாட்டுக் கிராமத்தில், சில குடும்பங்களின் கைகளில், எமது காலம் வரை தங்கி நின்றது. எழுதிவைத்த நூல் எதனாலும் அது தங்கவில்லை.

ஊதுகுழலில் வலை பின்னுதல்

மணித்தொழிலில் கண்ணாடியை இழுக்கிறார்கள். ஊதும் முறை கி.மு. 1 ஆம் நூற்றாண்டளவில் சிரியா, பலஸ்தீனக் கரையோரத்தில் தோன்றியது. அங்கிருந்து உரோமப் பேரரசெங்கும் பரவி, பிற்காலத்தில் இத்தாலியின் வெனிஸ் நகரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. இழுத்தலும் ஊதலும் ஒரே வேலையில் இணைவதைப் பார்க்கவேண்டுமானால் வெனிசுக்கு அருகிலுள்ள முரானோத் தீவுக்குத்தான் போகவேண்டும். உரோமையில் படித்த காலத்தில் ஒரு விடுமுறை நாளில் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. பட்டறைக்குள் இருபது நிமிடம் நிற்கலாம் என்றார்கள். நான் இரண்டு மணித்தியாலம் நின்றேன், எவரும் துரத்தவில்லை.

அங்கு செய்யும் கோலக் கண்ணாடியின் முதற் படி, பாப்பநாயுடுபேட்டை வேலைக்குத் தூரத்து உறவு. ஓர் இரும்புத் தண்டின் நுனியில் நிறக் கண்ணாடியை எடுத்து, அதன்மேல் தெளிந்த கண்ணாடியைப் போர்த்தி, இரும்பு மேசையில் உருட்டி உருளையாக்குகிறார்கள். மறுநுனியில் இன்னொருவர் தன் தண்டை ஒட்டுகிறார். பின்னர் இருவரும் எதிரெதிராகப் பின்னோக்கி நடக்கிறார்கள். இடையிலுள்ள கண்ணாடி பாகுபோல் நீண்டு, பென்சில் பருமனான கம்பியாகிறது. நடுவில் நிறம் ஒரு நூலாக ஓடுகிறது. நடக்கும்போதே தண்டை முறுக்கினால் உள்ளிருக்கும் நூல்களும் கயிறுபோல் முறுகும். ஆறிய கம்பியைச் சாண் அளவுத் துண்டுகளாக வெட்டுகிறார்கள்.

அடுத்தது பாய் சுற்றும் வேலை. துண்டுகளைப் பன்பாய்போல் நெருக்கமாக அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டும் வரை சூடாக்குகிறார்கள். ஊதுகுழலின் நுனியில் வளையமாகச் சூடான கண்ணாடியை வைத்துக்கொண்டு வரும் ஆசிரியர், அந்தப் பாயின் ஓரத்தைத் தொட்டு உருட்டுகிறார். பாய் முழுவதும் குழலைச் சுற்றிக்கொள்கிறது. இரு விளிம்புகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது. பிறகு திறந்திருக்கும் அடியை இடுக்கியால் நெருக்கி மூடினால், கோடுகள் ஓடும் ஒரு பை உருவாகிவிடும். அந்த அடியைப் பிடித்துக்கொண்டு குழலைத் திருகினால் நேர்கோடுகள் சாய்கோடுகளாகும். அதன்பின்தான் ஊதுகிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் ஊதுவதையே பெரிதாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது மிகச் சிறிய பகுதி. ஊதும் மூச்சும் பெரும்பாலும் உதவியாளருடையதே.

இவ்வளவு வேலைக்கும் இடையே குழல் சுழல்வது நிற்கவே கூடாது. ஏறக்குறைய 1,100 பாகையில் கண்ணாடி தேன்போலத் தொங்கும். ஒரு கணம் சுழற்ற மறந்தால் ஒரு பக்கம் சரிந்துவிடும். உருவத்தைச் சரிசெய்யப் பயன்படும் கருவியைப் பார்த்து நான் வியந்தேன். பழைய பத்திரிகைத் தாளைத் தடிப்பாக மடித்து, தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, செந்தழலாய் இருக்கும் கண்ணாடியைத் தடவுகிறார்கள்! நீராவி ஒரு மெல்லிய தடுப்பாக நின்று கையைக் காக்கிறது. முடிந்த பொருளை ஏறக்குறைய 500 பாகைச் சூளையில் வைத்து மணிக்கணக்காக ஆறவிடவேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் வெடிக்கும்.

இந்தக் கோலங்களுள் கடினமானது 'ரெத்திச்செல்லோ'. இத்தாலிய மொழியில் அதன் பொருள் சிறு வலை என்பதாகும். இடப்பக்கம் முறுகிய ஒரு குமிழைச் செய்கிறார்கள். வலப்பக்கம் முறுகிய இன்னொன்றைச் செய்து, முதலாவதின் உள்ளே இறக்கி ஊதி ஒட்டுகிறார்கள். கோடுகள் குறுக்கும் மறுக்குமாகி வலையாகின்றன. கம்பிகளின் மேடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சிறு குமிழாக நிற்கிறது. கோடுகளின் எண்ணிக்கையோ சரிவோ சற்றுப் பிசகினாலும் கண்கள் ஒரே அளவாக வாரா. எமது கடற்கரையில் வலை பொத்தும் தாய்மாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. கண் பிசகிய வலை எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டு நின்றபோது, முடியும் தறுவாயில் ஒரு குவளை இளைஞன் ஒருவனின் கையிலிருந்து தரையில் விழுந்து சிதறியது. ஆசிரியர் அவனை ஏசவில்லை, தேற்றவுமில்லை. புதிய குழலொன்றை எடுத்துக்கொண்டு உலைப்பக்கம் திரும்பினார். இளைஞன் துடைப்பத்தை எடுத்தான். இரண்டு நிமிடத்தில் அவன் மறுபடியும் தன் இடத்தில் நின்றான்.

மறைத்து வைத்த காலம்

1291 ஆம் ஆண்டு வெனிஸ் ஆட்சியாளர் நகரிலிருந்த கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்ற உத்தரவிட்டனர். தீ விபத்துப் பற்றிய பயமே காரணம் என்பர். ஒரே தீவில் தொழிலாளர் அனைவரும் இருந்தது இரகசியத்தைக் காப்பதற்கும் வசதியாயிற்று. அனுமதியின்றி வெளிநாடு சென்று தொழில் செய்வோருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இருந்தும் ஓடிப்போனவர்கள் ஓடிப்போனார்கள். முரானோவிலிருந்து சென்ற யாக்கோப்போ வெர்ட்செலீனி 1575 இல் இங்கிலாந்து அரசியிடமே கண்ணாடி செய்யும் உரிமை பெற்றார்.

காவல் போட்டு வைத்த தொழில் உள்ளூரில் பத்திரமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1797 இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்து, தொழிற்சங்கங்களும் கலைக்கப்பட்டபின், பழைய நுட்பங்கள் பல கைவிடப்பட்டுப் போயின. 19 ஆம் நூற்றாண்டில் பழைய பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அவற்றை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. இந்த முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் முரானோவைச் சேர்ந்த வின்சென்சோ சனெத்தி என்னும் குரு. 1861 இல் அவர் கண்ணாடி நூதனசாலையை நிறுவினார். தொடர்ந்து தொழிலாளருக்கென ஒரு சித்திரப் பாடசாலையையும் தொடங்கினார். எம்மைப் போன்றவர்களும் சிலவேளை உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறோம் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

திறந்து வைத்த மனிதர்

அமெரிக்காவில் கண்ணாடி தொழிற்சாலைக்குரிய பொருளாகவே இருந்தது. தனி ஒருவர் தன் சிறு பட்டறையில் அதைச் செய்யலாம் என்ற எண்ணத்தோடு 1962 ஆம் ஆண்டு மட்பாண்டப் பேராசிரியர் ஹார்வி லிற்றில்ரன் டொலீடோ நகர நூதனசாலையில் இரண்டு பயிற்சிப் பட்டறைகளை நடத்தினார். படித்தவர்களும் கலைஞர்களும் கூடினார்கள். உலை கட்டினார்கள். ஆனால் ஊதத் தெரியாமல் திண்டாடினார்கள். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஹார்வி லீப்கிறீன் என்ற முதியவர் வந்து குழலைக் கையிலெடுத்துச் செய்து காட்டியபோதுதான் அவர்களுக்கு வழி தெரிந்தது. பட்டம் பெற்றவர்கள் ஓர் ஓய்வுபெற்ற தொழிலாளியின் முன்னால் மாணவர்களாக நின்ற அந்தக் காட்சியை, பயிற்சித் திட்டம் வரையும் நாம் ஒவ்வொருவரும் மனக்கண்ணில் பார்ப்பது நல்லது.

1968 இல் டேல் சிஹூலி என்ற அமெரிக்க இளைஞர் முரானோவின் வெனீனிப் பட்டறையில் தங்கி, அங்கு குழுவாக வேலை நடப்பதைக் கண்டார். 1971 இல் அவரும் துணைநின்றவர்களும் வொஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு வடக்கே, பில்சக் என்ற இடத்தில் ஒரு கோடைகாலப் பாடசாலையைத் தொடங்கினார்கள். முதலில் கூடாரங்களும் ஒரு உலையுமே இருந்தன. ஆர்வம் நிறைய, நுட்பம் குறைவு. 1978 இல் முரானோவிலிருந்து செக்கோ ஒங்காரோ என்னும் ஆசிரியர் அங்கு வந்தார். மறுவருடம் அவருடைய மைத்துனர் லீனோ தாலியாபியெத்ரா வந்தார்.

லீனோ 1934 இல் முரானோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே உலையடிக்குப் போனவர். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஆசிரியர் நிலையை எட்டியவர். பில்சக்கில் அவர் கம்பி இழுப்பது, பாய் சுற்றுவது, வலைக் கோலம் எல்லாவற்றையும் மறைக்காமல் செய்து காட்டினார். பேச்சைவிடக் கை அதிகம் பேசியது. மாணவர்களைத் தன் குழுவில் நிறுத்தி, கதவு திறக்கவும், ஊதவும், கட்டை பிடிக்கவும் வைத்தார். ஊரிலே அவரைக் குறைசொன்னவர்கள் இருந்தார்கள். எழுநூறு வருடமாக வீட்டுக்குள் வைத்திருந்ததைப் பிறத்தியாருக்குக் கொடுத்துவிட்டான் என்ற குறைதான். அவரோ ஆண்டுதோறும் கற்பிப்பதைத் தொடர்ந்தார். அவரிடம் கற்ற டான்ரே மரியோனி போன்றவர்கள் வலைக் கோலத்தில் தேர்ந்த கலைஞரானார்கள். லீனோவும் தொழிற்சாலைகளின் மாதிரிகளுக்கு வேலை செய்யும் ஆசிரியர் என்ற நிலையிலிருந்து, தன் பெயரிலேயே படைக்கும் கலைஞராக உயர்ந்தார். 2021 இல்தான் உலையடியிலிருந்து ஓய்வுபெற்றார்.

கொட்டியாரக் குடாவில் ஒரு பயிற்சி

லீனோவின் கதையைச் சொல்லி, "பார்த்தீர்களா, கொடுத்தவர் குறையவில்லை" என்று முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிந்திய காலம். நான் அப்போது இளங்குரு. கொட்டியாரக் குடா ஓரத்துக் கிராமமொன்றில் மரவள்ளம் செய்யும் பயிற்சியை ஆறு மாதத் திட்டமாகத் தொடங்கினோம். அந்தப் பகுதியில் பெயர்பெற்ற ஓடாவியார் ஒருவரை நாட்கூலிக்கு அமர்த்தினோம். எட்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். பலகை அறுத்தல், இழைத்தல், கலப்பத்து அடைத்தல் எல்லாவற்றையும் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஒரு வேலையை மட்டும் பெடியன்கள் வீட்டுக்குப் போனபின் மாலையில் தனியாகச் செய்தார். அதுதான் பலகை வளைத்தல். ஈரமாக்கிய பலகையைப் பொச்சு நெருப்பில் காட்டி, அது எப்போது இளகிக் கொடுக்கும் என்று பார்த்து, அந்தக் கணத்தில் வளைத்துப் பொருத்தவேண்டும். முந்தினால் முறியும், பிந்தினால் கருகும்.

ஒரு நாள் மாலை நான் எதிர்பாராமல் போய்விட்டேன். நெருப்பருகில் அவர் மட்டும் நின்றார். ஏன் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை என்று கேட்டேன். அவர் நெருப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பாதர், இதையும் காட்டிப்போட்டா நாளைக்கு ஆர் என்னைத் தேடி வரப்போறாங்கள்? உங்கட ஆறு மாசம் முடிஞ்சா என்ர கூலியும் முடியும்" என்றார்.

நான் அவருக்குத் தாராள மனதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. அவர் கேட்டது ஒரு கணக்கு, நான் சொன்னது ஓர் உபதேசம். திட்டம் முடிந்தது. எட்டுப் பேருக்கும் சான்றிதழ் கொடுத்தோம், படம் எடுத்தோம். அவர்களில் எவராலும் தனியாக ஒரு வள்ளத்தை முடிக்க முடியவில்லை. ஓடாவியார் சில வருடங்களின்பின் காலமானார். இதற்கிடையில் உதவி நிறுவனங்கள் கொடுத்த பைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்துவிட்டன. பைபர் என்பது கண்ணாடி இழை. அவருடைய மரவள்ளத்தின் இடத்தைப் பிடித்ததும் ஒருவகைக் கண்ணாடிதான் என்பதை இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுக்கும்போது யோசித்தேன்.

ஓடாவியாரின் கேள்விக்கு முரானோப் பட்டறையில் ஒரு பதில் இருக்கிறது. அங்கு வேலை செய்யும் குழுவுக்குப் 'பியாத்சா' என்று பெயர். ஆசிரியர், முதல் உதவியாளர், இரண்டாம் உதவியாளர், சிறு பையன் என்று படிப்படியான நிலைகள். ஆசிரியர் தனியாக ஒரு வலைக் குவளையை முடிக்க முடியாது. கம்பியின் மறுநுனியைப் பிடித்துப் பின்னோக்கி நடக்க ஒருவர் வேண்டும். இரண்டாவது குமிழைச் சரியான சூட்டில் ஏந்திக்கொண்டு நிற்க ஒருவர் வேண்டும். ஆகவே உதவியாளன் திறமைசாலியாவது ஆசிரியருக்கே இலாபம். ஆசிரியருக்கு வயது ஏற ஏற இந்த இலாபமும் ஏறுகிறது. லீனோவும் மாணவர்களைத் தன் குழுவாக நிறுத்தித்தான் கற்பித்தார். அத்தோடு அவருடைய படைப்பை நல்ல விலைக்கு வாங்குவோரும் இருந்தார்கள். எமது பயிற்சியில் மாணவன் தேர்ந்ததும் போய்விடுவான். சிலவேளை அடுத்த தெருவில் போட்டிக்கு நிற்பான். கற்பித்தவருக்குக் கூலி நின்றுவிடும். இப்படியொரு ஒழுங்கைச் செய்துவிட்டு அவரிடம் இரகசியத்தைக் கேட்டது எங்கள் பிழை.

இன்று அதே பயிற்சியை நடத்துவதானால் எட்டுப் பேரைச் சேர்க்கமாட்டேன், இருவரைச் சேர்ப்பேன். வகுப்பாக வைக்காமல், விற்பனைக்கான வள்ளமொன்றுக்கு முன்பணம் பெற்று அதைச் செய்யும் குழுவாக அமைப்பேன். அந்த இருவரும் முதல் மூன்று வருடங்களில் செய்யும் ஒவ்வொரு வள்ளத்திலும் ஆசிரியருக்கு ஒரு பங்கு என்று எழுத்தில் வைப்பேன். ஆறு மாதக் கணக்கு, நன்கொடை தரும் நிறுவனத்தின் அறிக்கைக்கு வசதியானது. பலகைக்கும் நெருப்புக்கும் அந்தக் கணக்குத் தெரியாது.

வயது பற்றி

ஒரு எச்சரிக்கையையும் சொல்லாமல் விடமுடியாது. லீனோ உலையடிக்குப் போனபோது வயது 11 அல்லது 12. பரம்பரைத் தொழிலென்றால் சிறுவயதிலேயே பிள்ளையை விடவேண்டும் என்று வாதாடுவோர் எமது கிராமங்களிலும் உண்டு. அவர்கள் உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நகரைப் பார்க்கவேண்டும். இந்தியாவின் கண்ணாடி வளையல்கள் பெருமளவில் அங்கேதான் செய்யப்படுகின்றன. வளையலின் இரு நுனிகளையும் சிறு விளக்குச் சுடரில் காட்டி ஒட்டும் வேலை வீடுகளில் நடந்துவந்தது. இருட்டறையில் குந்தியிருந்து புகையைச் சுவாசித்து, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சிறுவர்களும் அதைச் செய்தார்கள். பத்து வருடம் செய்தாலும் அந்தப் பிள்ளைக்கு உலை வேலையோ நிறம் சேர்க்கும் நுட்பமோ தெரியவராது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் செய்த பிள்ளையின் கண்ணும் நெஞ்சும் கெட்டன, தொழில் கையில் ஏறவில்லை. இதைக் கற்றல் என்று அழைக்கலாகாது. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 ஆம் ஆண்டு 16 ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவரை ஆபத்தான வேலையில் அமர்த்துவதும் குற்றம். டொலீடோவிலும் பில்சக்கிலும் குழலைப் பிடித்தவர்கள் வளர்ந்தவர்களே. இருபது, முப்பது வயதில் தொடங்கியவர்கள் வலைக் கோலம் வரை போயிருக்கிறார்கள்.

குழுக் கூட்டங்களில் பேசுவதற்கு

இந்தப் பாடத்தை வாசித்தபின் இளைஞர் கழகங்களும் மாதர் சங்கங்களும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிப் பின்வருவனவற்றைப் பேசிப் பார்க்கலாம். உங்கள் கிராமத்தில் இன்று ஒரே ஒருவருக்கு மட்டும் முழுமையாகத் தெரிந்த வேலை எது? வலை, வள்ளம், மட்பாண்டம், பன்னவேலை, நாட்டு வைத்தியம், கூத்துக்கு உடுப்புக் கட்டுதல், எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு வயது என்ன? அவர் எவருக்கும் காட்டாமல் செய்யும் பகுதி எது, ஏன் காட்டுவதில்லை என்று எவராவது அவரிடம் உட்கார்ந்து கேட்டதுண்டா? நீங்கள் கற்கப் போனால், கற்று முடிந்த மறுநாள் அவருடைய அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு உங்கள் கையில் என்ன ஏற்பாடு இருக்கிறது?